சத்தம் நின்ற சக்கரம்

மனித குலத்தின் வரலாறு என்பது சமநிலையின் வரலாறு. நான்கு காலில் ஊர்ந்தவன் இரண்டு காலில் எழுந்தான். நான்கு சக்கரத்தில் உருண்டவன் இரண்டு சக்கரத்துக்கு வந்தான். அந்த நெடும்பயணத்தின் சிகரமே ஒற்றைச் சக்கரம். இது என் சொந்த வாசகம், எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரில் வெளிவந்தது. அதே பக்கத்தில், என் புகைப்படத்துக்குக் கீழே, பிரியாணி ஆர்டர் எடுக்கும் ஒரு கடையின் விளம்பரமும் இருந்தது. அதனால் இன்றுவரை யாராவது எனக்குப் போன் செய்து ஆடா கோழியா என்று கேட்கிறார்கள்.

தமிழிலேயே சொல்லலாம் என்று நீங்கள் அனுமதித்தது பெரிய உதவி, இன்ஸ்பெக்டர் அமுதவள்ளி. மலாயில் சொன்னால் நான் செய்தது ஏதோ உரிமத்துக்கு விண்ணப்பித்தது போல ஒலிக்கும்.

என் பெயர் திருச்செல்வம். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. வீடு சுபாங் ஜெயாவில். கிள்ளான் வட்டார ஒற்றைச் சக்கர மின்வண்டிச் சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர். இந்தக் கடைசிப் பதவிதான் உங்களுக்குத் தேவை என்று நினைக்கிறேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைப் பயணப்பெட்டி என்று எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஒரே சக்கரம். அதன் நடுவில் ஒரு எஃகு அச்சு. அச்சின் ஒவ்வொரு முனையிலும் ஒரு இரும்புக் கை, கையின் நுனியில் மடக்கக்கூடிய ஒரு பெடல். பெடல்களில் கால் வைத்து நின்றபடி முன்னால் சாய்ந்தால் வண்டி போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். இருக்கை கிடையாது, பிடிக்கக் கைப்பிடி கிடையாது. ஒரு மனிதனின் முழு எடையும் அந்த அச்சின் இரண்டு முனைகளில்தான் நிற்கிறது.

இதைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை, உங்களுக்கே தெரியும். அதனால் எங்கள் சங்கம் ஓட்டியதைவிடக் கூடியதுதான் அதிகம். கூட்டம், விருந்து, பாராட்டு விழா, பாராட்டியவருக்குப் பாராட்டு விழா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காலியான ஒரு தொழிற்சாலை வளாகத்தில் அனுமதி வாங்கி ஓட்டுவோம். நான் எல்லாருடைய வண்டியையும் சோதித்து அனுப்பிவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி ஆளாக நிற்பேன். பொறுப்பில் இருப்பவன் அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

தலைவர் கமலநாதனைப் பற்றி. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். பருமனான மனிதர். நன்றாகச் சிரிப்பார், எந்த மைக்கையும் விடமாட்டார். டத்தோ பட்டம் வரும் என்று பல வருடமாகக் காத்திருந்தார். வரவில்லை. கடைசியில் ஒரு அழைப்பிதழில் தன் பெயருக்கு முன்னால் ‘வருங்கால டத்தோ’ என்று அச்சடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் செயலாளர் மாதவி மட்டும், “அப்போ நானு வருங்கால மருமகளா?” என்று கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் விளையாட்டு.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் எங்கள் ஆண்டு மதிய விருந்து நடந்தது. வந்த பிரமுகர்கள் எல்லாருக்கும் பொன்னாடை. வரிசை கட்டி நின்றார்கள், வரிசையாகப் போர்த்தினார்கள். என் முறை வந்தது. மாதவி என் பெயரையும் பதவியையும் முறையாகவே வாசித்தாள். பிறகு மைக்கை அணைக்காமலேயே தலைவரிடம் சொன்னாள்.

“அண்ணே, பொன்னாட முடிஞ்சிருச்சு.”

“முடிஞ்சிருச்சா? அந்த நாற்காலில ஒண்ணு கெடக்கு பாரு, அத எடு லா.”

“அது சீஃப் கெஸ்ட்டோடது. காஜாங்ல இன்னொரு ஃபங்ஷன்னு கெளம்பிட்டாரு, மறந்து வெச்சிட்டுப் போயிட்டாரு.”

“பரவால்ல. நம்ம திரு கோவிச்சுக்க மாட்டாரு. அவரு நம்ம வீட்டாளு.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. எனக்கு அது போர்த்தப்பட்டது. அதில் ஒரு ஓரத்தில் குழம்புக் கறை. இன்னொரு ஓரத்தில், பிரிந்த நூலை ஊதுபத்தியால் சுட்டு நிறுத்திய ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளியை எனக்குத் தெரியும், ஏனென்றால் சுட்டது நான். அதே பொன்னாடையைத் தீபாவளி உபசரிப்பில் நான்தான் கமலநாதனுக்குப் போர்த்தியிருந்தேன். அவர் அதை சீஃப் கெஸ்ட்டுக்குப் போட்டு, சீஃப் கெஸ்ட் நாற்காலிக்குப் போட்டு, நாற்காலி எனக்குப் போட்டது. அதற்கு முன்பு எனக்கு அதை யார் போர்த்தினார்கள் என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லை.

அன்றே முடிவு செய்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். காரணம் அந்தப் பொன்னாடைதான். வேறு காரணம் தேட வேண்டாம்.

அதே மேடையில் இன்னொன்றும் சொன்னார். அதைத் தற்செயலாகத்தான் குறிப்பிடுகிறேன். சங்கத்தின் ஆண்டு விழா ஊர்வலத்தில் தலைவரும் ஆலோசகரும் ஆளுக்கொரு வண்டியில், கை கோத்துக்கொண்டு, நாதஸ்வரத்துக்குப் பின்னால் முதல் வரிசையில் வருவார்கள் என்று அறிவித்தார். கைதட்டல் ஓயவே இல்லை. நானும் கைதட்டினேன்.

ஊர்வலத்துக்கு முன்பு எனக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. சுளுக்குதான். மருத்துவரிடம் போகவில்லை. தகவல் சொன்ன அன்றே கமலநாதன் தைலமும் கட்டுத்துணியும் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“வலது காலா எடது காலா?”

“வலது.”

“கட்டு எடது கால்ல போட்டிருக்கீங்க.”

“ரெண்டும்தான் வலிக்குது.”

“சரி, வுடுங்க. விழாவத் தள்ளி வெச்சிட்டேன். நீங்க இல்லாம என்னா ஊர்வலம்? கால் நல்லாவட்டும், அப்பறம் பாப்போம்.”

இதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார், கைகூப்பும் படங்கள் நிறைய வைத்து. பரிவு காட்டவும் அந்த மனிதருக்கு ஒரு சபை வேண்டும். குழுவில் எல்லாரும் என் கால் விரைவில் குணமடைய வாழ்த்தினார்கள். இனி என் கால் குணமாகாமல் இருக்க வழி இல்லை.

அப்போதுதான் அவருடைய வண்டி சத்தம் போட ஆரம்பித்தது. அவரே தூக்கிக்கொண்டு சுபாங் ஜெயாவுக்கு வந்து, வீட்டு முன்னால் என் காடி நிறுத்தும் இடத்தில் வைத்தார். கூட அவர் மனைவி தாமரை.

“ஏறி நின்னாலே கடக் கடக்குங்குது திரு. எடது பெடல் வேற ஆடுது, கால் தொங்குற மாதிரி இருக்கு. என்னான்னு கொஞ்சம் பாருங்க லா.”

“வெச்சிட்டுப் போங்க.”

“அண்ணே, அவரு வெயிட்டு கூட,” என்றார் தாமரை. “தாங்குமா பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புவேன்.”

“நம்புங்க,” என்றேன்.

நான் வேலையை ஒழுங்காகச் செய்பவன். அதில் குறை சொல்ல முடியாது. பெடல் ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது அது மடங்கும் இடம். கதவுக் கீல் போல ஒரு கம்பி அதில் ஓடும். கம்பியைப் பிடித்து நிறுத்துவது அடியில் இருக்கும் ஒரு குட்டித் திருகு. அது தளர்ந்திருந்தது. கம்பியும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. புதுக் கம்பி போட்டேன், இடைவெளிக்கு மெல்லிய வாஷர் வளையம் வைத்தேன், திருகுக்குப் பசை தடவி இறுக்கினேன். பெடல் நிமிர்ந்தது. கையால் அமுக்கிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. ஆனால் முழு எடையையும் கொடுத்து அழுத்தியபோது சத்தம் இருந்தது.

அடுத்தது, இரும்புக் கை அச்சைக் கவ்வும் இடம். அங்கிருக்கும் போல்ட்டுகள் நாளாக நாளாகத் தளரும், எல்லா வண்டியிலும் நடப்பதுதான். இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி வைத்து முறையாக இறுக்கினேன். சத்தம் போகவில்லை. இறுக்கிய பிறகும் சத்தம் வந்தால் கையைக் கழற்றி அச்சையே பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் அதைச் செய்யமாட்டார்கள். நான் செய்தேன்.

அச்சின் கழுத்தில், கை கவ்வியிருந்த இடத்தில், காப்பித்தூள் போலக் கொஞ்சம் பழுப்புப் பொடி. இரும்போடு இரும்பு உரசினால் அப்படிப் பொடி வரும். துடைத்தேன். அடியில் ஒரு கோடு. தலைமுடி ஒட்டியிருப்பதாகத்தான் முதலில் தோன்றியது. நகத்தால் தள்ளினேன், நகம் மாட்டியது.

விரிசல். எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு பாகம் வந்தால் அது கழிவுக்கான சிவப்புக் கூடைக்குப் போகும், யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். அச்சு மோட்டாரோடு சேர்ந்தே வருவது. முழு மோட்டாரையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதுவரை வண்டியில் ஏறக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் அவர் வேறு யாரிடமாவது இன்னொரு வண்டி இரவல் வாங்குவார், ஊர்வலம் நடக்கும், கை கோத்துக்கொள்ள என்னைத் தேடுவார். அதாவது, பொன்னாடைக்குப் பதில் கிடைக்காமல் போகும்.

நான் அச்சை எதுவும் செய்யவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். அது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. கோட்டைச் சுற்றி மெல்லிய செப்புத் தகடு ஒன்றை வளைத்து வைத்தேன். உங்கள் நிபுணர் கண்டெடுத்த தகடு அதுதான், அவருக்கு என் பாராட்டு. மேலே கெட்டியான கிரீஸ். பிறகு இரும்புக் கையைப் பொருத்தி இறுக்கினேன். என் முழு எடையும் விழும்படி அழுத்தினேன். சத்தம் இல்லை. அந்த வண்டி தன்னால் முடிந்த ஒரே வழியில் அவரிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பழுது பார்த்தது அந்தச் சத்தத்தை மட்டும்தான்.

வண்டியை எடுக்க வந்தவர், வாசலிலேயே ஏறி ஒரு வட்டம் அடித்தார். அவ்வளவு பருமனான மனிதர், ஏறி நின்றதும் எடையே இல்லாதவர் போல ஆகிவிடுவார். அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

“அட, பட்டு மாதிரி போகுது லா. என்னா கோளாறு?”

“சின்ன விஷயம்தான், டத்தோ.”

அவரை நான் அப்படி அழைத்தது அதுவே முதல் முறை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

பார்த்தீர்களா, நீங்கள் கேட்டதையே அவரும் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விழா ஏற்பாட்டில் ஆலோசகர் என்ற முறையில் சில யோசனைகள் சொன்னேன். கிள்ளானில் நாங்கள் எடுத்த மண்டபத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் சமதரை. பின்வாசல் சரிவு, சரிவின் அடியில் லோரிகளுக்காகப் போட்ட உயரமான வேகத்தடை. பின்வாசல் வழியாக இறங்கி வந்தால் வீடியோவில் கம்பீரமாக இருக்கும் என்றேன். மாதவி, “மேடு இருக்கே” என்றாள். வண்டி தாங்கும் என்றேன். ஹெல்மெட் விஷயமும் வந்தது. கமலநாதன் பட்டுத் தலைப்பாகை தைக்கக் கொடுத்திருந்தார்.

“தலப்பா மேல ஹெல்மெட்டு எப்படி திரு? இல்ல, ஹெல்மெட்டுக்கு மேல தலப்பாவா?”

“மாப்பிள்ளை ஊர்வலத்துல யாராச்சும் ஹெல்மெட்டு போட்டுப் பாத்திருக்கீங்களா?”

அவர் வெகு நேரம் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை.

என் கணுக்கால் குணமானது பற்றி வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் மகிழ்ச்சி தெரிவித்தாயிற்று. விழாவன்று காலை நானும் வேட்டி கட்டி, பெடல்களை விரித்து வைத்த என் வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சரிவின் உச்சியில் நின்றேன். முதலில் தலைவர் மட்டும் வீடியோக்காரருக்காக ஒரு முறை இறங்கிக் காட்டுவது, மேலே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறை இறங்குவது என்று ஏற்பாடு. அந்த வரிசையும் என் யோசனைதான். நாதஸ்வரம் ஆரம்பித்தது. கமலநாதனின் கழுத்தில் ஆளுயர மாலை, தலையில் பட்டுத் தலைப்பாகை. கீழே கூடியிருந்தவர்கள் போனை உயர்த்திப் பிடித்தார்கள். தாமரை அண்ணி ஆரத்தித் தட்டோடு நின்றார்.

என் அருகில் வந்து, “பயமா இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு மெதுவாகப் பேசவும் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

“எதுக்கு?”

“சும்மாக் கேட்டேன். இருங்க, இதோ வந்திர்றேன்.”

இறங்கினார். சரிவில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சத்தமே இல்லை. வேகத்தடையில் ஏறும்போதும் இல்லை. அதிலிருந்து இறங்கும்போது ஒரே ஒரு சத்தம் வந்தது, விறகு முறிவது போல. இடது பெடல் இரும்புக் கையோடு பெயர்ந்து உருண்டது. அவர் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றாமல் மாலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தலை முதலில் சிமெண்ட் விளிம்பில் பட்டது. நாதஸ்வரக்காரர்கள் முன்னால் பார்த்து நடந்துகொண்டிருந்ததால் கொஞ்ச தூரம்வரை வாசித்துக்கொண்டே போனார்கள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தலைப்பாகை அவிழ்ந்து நீளமாகக் கிடந்தது. தாமரை அண்ணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பாத்தீங்கதானே அண்ணே, நீங்க பாத்தீங்கதானே” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பார்த்தேன் என்று சொன்னேன். எனக்குள் ஒரு பெரிய நிம்மதி இருந்தது. பழி தீர்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என் வண்டியின் பெடல்களை மடக்கி, காடியில் ஏற்றினேன்.

அவர் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்றால், நினைத்தேன். அதை மறைக்கவில்லை. விரிசல் தெரியும். எடை தெரியும். மேடு தெரியும். தலையில் பட்டு மட்டும்தான் இருக்கும் என்பதும் தெரியும். எந்தத் துறையிலும் இவ்வளவு சான்றுகள் போதும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அறுவைச் சிகிச்சை முடிந்து நேற்று கண் விழித்துவிட்டார் என்று நீங்கள் சொன்னபோது ‘நல்லது’ என்றேன். கொஞ்சம் தாமதமாகச் சொன்னதை நீங்கள் கவனித்தீர்கள்.

ஆனால் கண் விழித்ததும் அவர் சொன்னதாக நீங்கள் வாசித்தது எனக்குப் புரியவில்லை. “திருவுக்கு ஒண்ணும் ஆவலியே? பாவம், நான் கையப் புடிச்சாத்தான் அவரு நிப்பாரு. அதுக்குத்தானே கை கோத்துக்கிட்டுப் போவோம்னு மேடையில சொல்லி வெச்சேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது.” இது தலையில் அடிபட்டவரின் பேச்சு. மூளையில் வீக்கம் இருக்கும்போது மனிதர்கள் எதையாவது சொல்வார்கள். இதைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை.

மறுபடியும் அதையே கேட்கிறீர்கள். கொலை முயற்சியை ஒப்புக்கொண்ட ஒருவனிடம், பழுது பார்த்த பிறகு ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்பதில் என்ன பயன் என்று தெரியவில்லை. மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் புகைப்படம் என் வண்டியுடையதுதான். புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு தெரு ஓட்டினாலே தேய்ந்து போகும். என் டயரில் அவை எல்லாம் அப்படியே இருக்கின்றன என்கிறீர்கள். இருக்கின்றன. வாங்கிய நாளிலிருந்து இருக்கின்றன.

இல்லை, ஓட்டிப் பார்க்கவில்லை. பொன்னாடையைக் காரணமாக எழுதியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். இது ஆண்டு மலரில் வராது என்றால் சொல்கிறேன்.

எனக்கு அதை ஓட்டத் தெரியாது.